ஏன் வந்தது என்ற கேள்வி: அன்றும் இன்றும்

1950களின் நடுவில், புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த இங்கிலாந்துத் தாய்மார்களிடம் ஒரு வினாத்தாள் போயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் தயாரித்தது. கருவுற்றிருந்தபோது என்ன நோய் கண்டது, என்ன மருந்து சாப்பிட்டீர்கள், வயிற்றில் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று அதில் கேட்டிருந்தார்கள். அதே வயதில் நலமாக இருக்கும் பிள்ளைகளின் தாய்மாரிடமும் இதே கேள்விகள் கேட்கப்பட்டன. இரண்டு தரப்புப் பதில்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களின் பிள்ளைகள் புற்றுநோயால் இறப்பது ஏறக்குறைய இருமடங்கு என்று தெரிந்தது. 1956-இல் சுருக்கமாகவும் 1958-இல் விரிவாகவும் ஸ்டூவர்ட் இதை வெளியிட்டார். மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

அந்த ஆய்வுக்குக் கிடைத்த பணம் 1,000 பவுண்டு. கொடுத்தது லேடி டாட்டா நினைவு நிதி. மெஹர்பாய் டாட்டா 1931-இல் லுக்கீமியாவில் இறந்தார். கணவர் தோராப்ஜி டாட்டா மறு ஆண்டே அவர் பெயரில் ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நிதி ஒன்றை நிறுவினார். மெஹர்பாய், ஹோமி பாபாவின் அத்தை. அத்தை பெயரிலான பணம் கதிர்வீச்சின் தீங்கைக் காட்டிக்கொடுத்த அதே 1956-இல் மருமகன் டிராம்பேயில் நாட்டின் முதல் அணு உலையை இயக்கிவைத்தார். இதில் பொருள் ஏதும் தேட வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

பிள்ளைக்கு ஏன் ரத்தப் புற்றுநோய் வந்தது என்ற கேள்விக்கு அன்று பதில் தேடிய இடங்களெல்லாம் வெளியில்தான் இருந்தன. ஸ்டூவர்ட் தேடியது தாயின் கர்ப்ப காலத்தில். 1979-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் மின்கம்பிகளுக்கு அருகே இருந்த வீடுகளில் தேடினார்கள். 1983-இல் இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணு ஆலைக்குப் பக்கத்துச் சிற்றூரான சீஸ்கேலில் பிள்ளைகளுக்கு லுக்கீமியா கூடுதலாக வந்திருப்பதைத் தொலைக்காட்சி ஒன்று சொன்னது. 1990-இல் மார்ட்டின் கார்ட்னர், அந்த ஆலையில் வேலை பார்த்த தந்தையரின் உடலில் பட்ட கதிர்வீச்சே காரணமாகலாம் என்று எழுதினார். வழக்கு நீதிமன்றம் போய் 1993-இல் தள்ளுபடியாயிற்று. நம் வீடுகளில் வினாத்தாள் இல்லை. கேள்விகள் மட்டும் உண்டு. கிரகணத்தன்று வெளியே வந்தாயா, பப்பாளி சாப்பிட்டாயா, சொந்தத்தில் கட்டியதால்தானோ, மொட்டைமாடி செல்போன் கோபுரமோ. அறிவியல் கேட்டாலும் மாமியார் கேட்டாலும், யாரோ ஒருவர் செய்த காரியத்தைத் தேடும் கேள்விகள்தான் அவை. அந்த ஒருவர் பெரும்பாலும் தாயாகவே இருந்தார்.

இன்று குழந்தைகள் புற்றுநோய் வார்டில் முதல் வாரத்திலேயே மருத்துவர் பெற்றோரை உட்காரவைத்து, "நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை" என்று சொல்கிறார். ஆறுதலுக்காகச் சொல்வது போலத் தோன்றும். ஆனால் அந்த வாக்கியத்தை ஒரு மருத்துவர் இத்தனை உறுதியோடு சொல்ல முடிவதற்குள் அரை நூற்றாண்டு கடந்திருக்கிறது.

நோயே அன்று வேறாக இருந்தது. 1940களில் ஒரு பிள்ளைக்கு அக்யூட் லுக்கீமியா என்று கண்டால், சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் கதை முடிந்துவிடும். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர், 16 பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948 ஜூனில் வெளியிட்டார். மருந்து வந்தது லெடர்லே ஆய்வகத்திலிருந்து. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லாப்பிரகட சுப்பாராவ். ஃபார்பரின் கட்டுரை வந்த இரண்டாம் மாதம் அவர் இறந்துபோனார். ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதுதான் அமினோப்டெரினின் தந்திரம். அந்த ஃபோலிக் அமிலத்தின் கதையும் இந்த மண்ணில்தான் தொடங்கியது. பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வந்த சோகையை மருத்துவர் லூசி வில்ஸ், ஃபோலிக் அமிலம் உள்ள ஈஸ்ட் சாற்றால் குணப்படுத்தி, 1931-இல் எழுதினார். அவர் குன்னூரிலும் வேலை பார்த்திருக்கிறார்.

1953-இல் மெர்காப்டோப்யூரின் வந்தது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கியது. சில மாதங்களாக இருந்த ஆயுள் ஓராண்டளவுக்கு நீண்டது. 1962-இல் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறந்தபோது, ஏ.எல்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா வந்த பிள்ளைகளில் 100-க்கு 4 பேர் பிழைத்தார்கள். டொனால்டு பிங்கெல் பல மருந்துகளைச் சேர்த்து, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் தனிச் சிகிச்சை கொடுத்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பாதிப்பேரைக் காப்பாற்றும் நிலைக்குக் கொண்டுவந்தார். இன்று அதே மருத்துவமனையின் கணக்கு 94. நம் நாட்டில் 1980களின் தொடக்கத்தில் அது 20 அளவில் நின்றது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் சேர்ந்து 1984-இல் எம்.சி.பி.841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்ட பிறகு, நான்கு ஆண்டு கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மையத்துக்கு மையம் 41 முதல் 60 விழுக்காடு வரை ஆனார்கள்.

நோயைக் கண்ட விதமும் மாறியது. அன்று மஜ்ஜையை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமிட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அணுக்களின் உருவத்தைப் பார்த்தார்கள். 1976-இல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரிட்டிஷ் நிபுணர்கள் கூடி அதை எல்1, எல்2, எல்3 என்று வகுத்தார்கள். சிகிச்சைக்குப் பின் மஜ்ஜையில் 100 அணுவுக்கு 5-க்குக் குறைவாகக் கெட்ட அணு இருந்தால் நோய் அடங்கியது என்று பொருள். இன்று ஃப்ளோ சைட்டோமெட்ரி 10,000 அணுவில் ஒன்று ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுகிறது. அணு எப்படித் தெரிகிறது என்பதைவிட, அதன் குரோமோசோம்கள் எங்கே அறுந்து எங்கே ஒட்டியிருக்கின்றன என்பதைத்தான் கேட்கிறார்கள். ஒரு தகட்டின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்து, பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்று சரியில்லை என்று உணரும் மூத்த மருத்துவர்களின் கண் இன்னும் வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணைப் பழக்கும் பொறுமைதான் குறைந்துவருகிறது.

மரபு பற்றிய சந்தேகம் புதிதல்ல. ஒற்றைக் கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு லுக்கீமியா வந்தால் மற்றவருக்கும் வருவதுண்டு என்பது வெகுகாலமாகத் தெரியும். இருவருக்கும் ஒரே மரபணுக்கள். ஆகவே இது பரம்பரை நோய் என்று எண்ணுவது இயல்பு. 1960களிலேயே சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். நோய் ஒரு பிள்ளையில் தோன்றி, இருவருக்கும் பொதுவான நஞ்சுக்கொடி வழியாக மற்றதன் ரத்தத்துக்குப் போயிருக்கலாமே என்றார்கள். நிரூபிக்க வழியில்லை. 1993-இல் லண்டன் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் மெல் கிரீவ்ஸ் குழு, நோய் வந்த இரட்டைக் கைக்குழந்தைகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் முறிவை எடுத்துப் பார்த்தது. முறிவு இருவருக்கும் ஒரே இடத்தில் இருந்தது. அவர்களின் மற்ற அணுக்களில் அது இல்லை. அப்படி ஒரு முறிவு இரு பிள்ளைகளில் தனித்தனியாக நேர வாய்ப்பில்லை. பரம்பரையின் அடையாளமாக நினைத்த ஒன்று, கருப்பைக்குள் உடன்பிறப்பிடமிருந்து வந்த ரத்தமாக முடிந்தது.

அடுத்த படிதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வியப்பானது. 1960களில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலைக் குத்திச் சில துளி ரத்தத்தை வடிதாளில் ஒற்றி, பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் முறையைப் பரப்பினார். பல நாடுகளில் அந்த அட்டைகளைத் தூக்கிப்போடாமல் பத்திரப்படுத்தியிருந்தார்கள். வேறு எதற்கோ எடுத்த ரத்தம். காய்ந்து பழுப்பேறிய வட்டங்கள். ஏ.எல்.எல். வந்த பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அந்த அட்டைகளைத் தேடி எடுத்தது கிரீவ்ஸ் குழு. 1997-இல் கைக்குழந்தைகளின் லுக்கீமியாவுக்கும், 1999-இல் இரண்டு முதல் ஐந்து வயதில் மிகுதியாக வரும் சாதாரண வகைக்கும் பதில் கிடைத்தது. நோய் வெளிப்படுவதற்குச் சில மாதங்களோ ஆண்டுகளோ முன்பே, பிறந்த சில நாளில் ஒற்றிய அந்தத் துளியில், அதே முறிவு இருந்தது.

இந்தச் சாதாரண வகையில் பலருக்கு 12-ஆம் குரோமோசோமின் துண்டும் 21-இன் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன; ஈ.டி.வி.6, ரன்எக்ஸ்1 என்ற இரு மரபணுக்கள் ஒன்றாகிவிடுகின்றன. மேலை நாடுகளில் ஏ.எல்.எல். பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது உண்டு. 2002-இல் நலமாகப் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தபோது, 100-இல் ஒன்றில் இந்த இணைப்பு தென்பட்டது. அந்த வகை நோய் உண்மையில் வருவதைப் போல 100 மடங்கு அது. அதாவது, முதல் அடி கருப்பையில் விழுந்த 100 பிள்ளைகளில் 99 பேர் ஒன்றும் ஆகாமல் வளர்ந்து பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். நோய்க்குப் பிறந்தபின் இரண்டாவது அடி ஒன்று வேண்டும். முதல் ஓராண்டில் கிருமிகளோடு போதிய பழக்கம் இல்லாத பிள்ளையின் நோய்த்தடுப்பு, பின்னர் சாதாரணத் தொற்று ஒன்றுக்குத் தாறுமாறாக எதிர்வினை காட்டுவதுதான் அந்த இரண்டாவது அடி என்பது கிரீவ்ஸின் வாதம். கைக்குழந்தைப் பருவத்திலேயே காப்பகத்துக்குப் போய்ச் சளி பிடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏ.எல்.எல். ஓரளவு குறைவு என்ற கணக்கு இதற்குத் துணை நிற்கிறது. முழுமையாக முடிந்த வழக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மின்கம்பி வாதத்தைவிட வலுவானது.

பிறக்கும்போதே இருப்பதும் பரம்பரையாக வருவதும் வேறு வேறு. வார்டுக்கு வெளியே இந்த வேறுபாடு இன்னும் போய்ச் சேரவில்லை. பரம்பரையாக வரும் பங்கு எவ்வளவு என்பது தனிக் கேள்வி. பிறவி மரபணு அமைப்பு லுக்கீமியாவுக்கு வழிவைக்கலாம் என்பதற்கு அன்று தெரிந்த உறுதியான சான்று டவுன் சிண்ட்ரோம்; அதுவும் பெரும்பாலும் பரம்பரையாக வருவதல்ல. அந்தப் பிள்ளைகளுக்கு லுக்கீமியா அடிக்கடி வருவதை 1957-இல் கிரிவிட், குட் என்ற இரு மருத்துவர்கள் அமெரிக்கா முழுவதும் விசாரித்து எழுதினார்கள். அவர்களுக்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல் என்பதே 1959-இல்தான் தெரிந்தது. இன்று அந்த அபாயம் மற்றவர்களைப் போல 10 முதல் 20 மடங்கு என்கிறார்கள்.

1990களின் கடைசியில் மரபணு மாறுபாடுகளைத் தேடும் வேலை மும்முரமாயிற்று. நஞ்சை முறிக்கும் நொதிகள், ஃபோலிக் அமிலத்தைக் கையாளும் எம்.டி.எச்.எஃப்.ஆர். என்று சந்தேகத்துக்குரிய மரபணுக்களை ஆய்வாளரே தேர்ந்தெடுத்து, நூற்றுச் சொச்சம் நோயாளிகளிடம் சோதித்தார்கள். மான்ட்ரியலில் ஒன்று தொடர்புள்ளது என்று வரும். அடுத்த ஊரில் இல்லை என்று வரும். தெருவில் தமக்குத் தெரிந்த வீட்டுக் கதவுகளை மட்டும் தட்டிப் பார்த்த காலம் அது. எல்லாக் கதவுகளையும் தட்ட 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பிரிட்டனிலிருந்தும் மெம்ஃபிஸிலிருந்தும் இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வந்தன. பிரிட்டிஷ் ஆய்வில் நோயுற்ற பிள்ளைகள் 907, ஒப்பிட்டவர்கள் 2,398. மரபணுத் தொகுதி முழுவதும் பல லட்சம் இடங்களைப் பார்த்ததில் ஐ.கே.இசட்.எஃப்.1, ஏரிட்5பி, சி.இ.பி.பி.இ. என்ற மூன்று இடங்கள் தனித்து நின்றன. மூன்றும் ரத்த அணு வளர்ந்து முதிர்வதோடு தொடர்புள்ளவை. அதற்கு முன் பத்தாண்டுகளாகப் பலர் சந்தேகித்த மரபணுக்களில் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

எண்களை நிதானமாகப் பார்க்கலாம். ஐ.கே.இசட்.எஃப்.1-இல் உள்ள அபாய எழுத்து ஒரு பிரதி இருந்தால் வாய்ப்பு 1.69 மடங்கு. நாளிதழ்ச் செய்தியில் இது 69 விழுக்காடு அதிக ஆபத்து என்று வரும். படிக்கும் தாய்க்குத் தூக்கம் போய்விடும். ஆனால் 15 வயதுக்குள் ஏ.எல்.எல். வருவது ஏறக்குறைய 2,000 பிள்ளைகளில் ஒருவருக்கு. 1.69 மடங்கு என்றால் சுமார் 1,200-இல் ஒருவர். மீதி 1,199 பேருக்கு வராது. அந்த எழுத்து ஐரோப்பியரில் கிட்டத்தட்ட பாதிப்பேரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் சி.டி.கே.என்.2ஏ, ஜி.ஏ.டி.ஏ.3, பி.ஐ.பி.4கே2ஏ என்று பட்டியல் நீண்டது. எல்லாப் பொதுவான மாறுபாடுகளையும் கூட்டினாலும் நோய் வருவதில் அவற்றின் பங்கு நான்கில் ஒன்று அளவுக்கே என்று 2012-இல் ஒரு கணக்கு சொன்னது. இந்த எண்களை வைத்துக்கொண்டு பிறந்த குழந்தையைப் பார்த்து இதற்கு வரும், இதற்கு வராது என்று யாராலும் சொல்ல முடியாது. முன்பு குற்றம் சாட்ட ஓர் எக்ஸ்ரே இருந்தது, ஓர் ஆலை இருந்தது. இன்று இருப்பது பாட்டனும் பாட்டியும் அறியாமல் கொடுத்த, ஊரில் பாதிப்பேரிடம் இருக்கிற ஓர் எழுத்து. தாய்க்கு விடுதலை கிடைத்தது உண்மை. காரணம் என்று கையில் பிடித்துக்கொள்ள இருந்ததும் போயிற்று என்பதும் உண்மை. கோபப்பட ஏதாவது கிடைத்தால் போதும் என்று இருக்கும் பெற்றோருக்கு இது சின்ன இழப்பல்ல.

வருமா என்று கேட்ட கேள்விக்குத் தெளிவான பதில் தராத மரபணு மாறுபாடுகள், யாரும் முதலில் அவ்வளவாகக் கேட்காத வேறொரு கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்லின. எவ்வளவு மருந்து கொடுப்பது என்பதே அந்தக் கேள்வி. இந்தத் துறையில் மரபணுவின் பெரிய கொடை இதுதான் என்பது என் எண்ணம்.

ஏ.எல்.எல். பிள்ளைகள் முதல் சில மாத ஊசி மருந்துகள் முடிந்ததும் இரண்டு ஆண்டுக்கு மேல் வீட்டிலிருந்தே அன்றாடம் மெர்காப்டோப்யூரின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். 1953-இல் வந்த அதே மருந்து. அன்று அளவு உடலின் பரப்பைப் பார்த்து எல்லாருக்கும் ஒன்றாக நிர்ணயிக்கப்பட்டது. பெரும்பாலான பிள்ளைகள் தாங்கினார்கள். சிலருக்கு மட்டும் சில வாரத்தில் வெள்ளையணு அடியோடு விழுந்து, காய்ச்சல் கண்டு, வாயெல்லாம் புண்ணாகி, நோயைவிட மருந்தே ஆளைக் கொண்டுபோய்விடும் நிலை வரும். ஏன் இந்தப் பிள்ளைக்கு மட்டும் என்றால் உடல்வாகு என்பார்கள். அந்த உடல்வாகு என்ன என்பதை மேயோ கிளினிக்கின் ரிச்சர்ட் வெய்ன்ஷில்பாம் 1980-இல் காட்டினார். மெர்காப்டோப்யூரினைச் செயலிழக்கச் செய்யும் டி.பி.எம்.டி. என்ற நொதி, 300 பேரில் ஒருவருக்கு இல்லாத அளவுக்குக் குறைவு. 10 பேரில் ஒருவருக்குப் பாதி. அது பெற்றோரிடமிருந்து வருவது. 1990களில் செயின்ட் ஜூடின் வில்லியம் எவன்ஸும் மேரி ரெல்லிங்கும் அந்த மரபணுவின் எழுத்துகளைக் கண்டு, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு குறைக்கலாம் என்பதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பாடம் எழுதப்பட்டது ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து. ஆசியப் பிள்ளைகளுக்கு அது சரியாகப் பொருந்தவில்லை. டி.பி.எம்.டி. ஒழுங்காக இருந்தும் வெள்ளையணு எண்ணிக்கை, அதாவது கவுன்ட், விழுந்தது. 2014-இல் கொரிய மருத்துவர்கள், குடல் அழற்சிக்கு இதே குடும்பத்து மருந்து சாப்பிட்டவர்களிடம் என்.யு.டி.டி.15 என்ற வேறொரு மரபணுவின் மாறுபாட்டைக் கண்டார்கள். மறு ஆண்டு செயின்ட் ஜூடின் ஜுன் யாங் குழு லுக்கீமியாப் பிள்ளைகளிடம் அதைச் சோதித்தது. இரண்டு பிரதியும் மாறியிருந்த பிள்ளைகளால் திட்டமிட்ட அளவில் சுமார் 8 விழுக்காட்டை மட்டுமே தாங்க முடிந்தது. கிழக்காசியாவில் இது மிகுதி. இந்தியப் பிள்ளைகளிடமும் டி.பி.எம்.டி. மாறுபாட்டைவிட இதுவே அடிக்கடி காணப்படுகிறது. அப்படியென்றால் அத்தனை ஆண்டுகளாக நம் வார்டுகளில் காரணம் தெரியாமல் கவுன்ட் விழுந்த பிள்ளைகளில் சிலருக்காவது இதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும். யாருக்கு என்று இனித் தெரிய வழியில்லை.

இன்றைய வழிகாட்டுதல், இரண்டு பிரதியும் மாறிய பிள்ளைக்கு உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறது. மற்றவர்களுக்கு 50 முதல் 75. மாத்திரையோ பெரும்பாலும் 50 மில்லிகிராம் அளவில் வருகிறது. ஆகவே மிக நவீன மரபணு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் தாய் மாத்திரையைப் பாதியாக, கால் துண்டாக உடைத்து, வாரத்தில் எந்தெந்த நாள் எந்தத் துண்டு என்று காலண்டரில் குறித்துக்கொள்கிறாள். அன்றைய தாயும் மாத்திரையை உடைத்தாள். கவுன்ட் விழுந்த பிறகு, பயந்துபோய். இன்று பரிசோதனை வசதியுள்ள இடத்தில் அது விழுவதற்கு முன்பே உடைக்கிறாள். வசதி இல்லாத இடங்களில் இன்னும் அன்றைய முறைதான்.

பரம்பரை என்ற சொல்லுக்கு முழுப்பொருளும் பொருந்தும் குடும்பங்களும் உண்டு; எண்ணிக்கையில் சில. 2015-இல் அமெரிக்காவில் புற்றுநோய் கண்ட 1,120 பிள்ளைகளின் பிறவி மரபணுக்களை முழுமையாகப் படித்தபோது 8.5 விழுக்காட்டினரிடம் நோய்க்கு வழிவைக்கும் மாறுபாடு இருந்தது; லுக்கீமியாப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 4.4. குரோமோசோம்கள் மிகக் குறைந்துபோன அரிய வகை ஏ.எல்.எல்.-இல், டி.பி.53 என்ற காவல் மரபணு பழுதான பிள்ளைகளில் பாதிக்குப் பக்கம் பேருக்கு அந்தப் பழுது பிறவியிலேயே இருந்ததை 2013-இல் கண்டார்கள். நெருங்கிய சொந்தத்தில் மணப்பதால் ஃபான்கோனி சோகை போன்ற ஒடுங்கு மரபுக் குறைபாடுகள் கூடுகின்றன. அவற்றின் வழியாக லுக்கீமியாவும் வரலாம். ஆனால் மாமன் மகளைக் கட்டியவர்களின் பிள்ளைக்குச் சாதாரண ஏ.எல்.எல். வந்தால், கல்யாணத்தைக் காரணமாக்க ஆதாரம் இல்லை.

எல்லாப் பெற்றோரும் அடுத்துக் கேட்பது சின்னதுக்கும் வருமா என்பதுதான். 1960களின் மருத்துவர் "வராதும்மா, போங்க" என்றிருப்பார். அவரிடம் எண் எதுவும் இல்லை, அனுபவம் இருந்தது. இன்றைய மருத்துவரின் பதிலும் பெரும்பாலும் அதேதான். உடன்பிறந்த பிள்ளைக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்றாலும், அது ஆயிரத்தில் ஒன்றை ஒட்டியே நிற்கிறது. அதனால் பரிசோதனை வேண்டாம் என்பார். டி.பி.53 போன்ற ஒன்று தென்பட்ட குடும்பத்தில் மட்டும் பேச்சு நீள்கிறது. மஜ்ஜை கொடுக்க அக்காளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அவளுக்கும் அது இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இருந்தால் நோயில்லாத அவளும் ஆண்டுதோறும் ஸ்கேனுக்கு வர வேண்டும். இருப்பது தெரிந்தால் வரன் பார்க்கும் வீட்டில் என்ன சொல்வது என்று அப்பா கேட்கிறார். மருத்துவமனைக் கோப்பில் அவள் பெயரை எழுதாமல் பரிசோதிக்க முடியுமா என்று அம்மா கேட்கிறாள். முடியாது, எழுதினால்தான் அடுத்த ஆண்டு ஸ்கேனுக்கு அவளைக் கூப்பிட முடியும்.